காயங்களுக்கு விழாக்குழு பொறுப்பல்ல

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் விளையாட்டு மருத்துவம் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே சாசனம் ஃப்ளெக்ஸ் பேனரில் இருக்கிறது. மேலே ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’. நடுவில் முதல் பரிசு தந்தவர், இரண்டாம் பரிசு தந்தவர், சுழற்கோப்பை தந்தவர், பந்தல் தந்தவர், தன் முகத்தை மட்டும் தந்தவர் என்று வரிசையாகப் படங்கள். அடியில், நுழைவுக் கட்டணத்துக்கும் செல்போன் எண்ணுக்கும் நடுவே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் ஒரு வரி: ‘போட்டியின்போது ஏற்படும் காயங்களுக்கு விழாக்குழு பொறுப்பல்ல.’

இந்த வரியை நான் மதிக்கிறேன். பள்ளிக்கூடமும் பொறுப்பல்ல, கபடிக் கழகமும் பொறுப்பல்ல, கல்வித் துறையும் பொறுப்பல்ல, விளையாட்டுத் துறையும் பொறுப்பல்ல. ஆனால் அவர்கள் யாரும் அதை அச்சடித்து முச்சந்தியில் கட்டுவதில்லை. விழாக்குழுவுக்கு மட்டும்தான் அந்த நேர்மை இருக்கிறது.

பாலக்கோடு பக்கமோ, பென்னாகரம் பக்கமோ, அரூர் பக்கமோ, பொங்கல் முடிந்த ஒரு ராத்திரி. பகலெல்லாம் காய்ந்து இறுகிக் கிடக்கும் மண். அதன் மேல் பேருக்கு இரண்டு சட்டி மணல். பதினாறு வயதுப் பையன் ஒருவன் பாடிப் போகிறான். பெயர் வேண்டாம், எந்த ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒருவன் கிடைப்பான். மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பிடிக்கிறான், இன்னொருவன் ஓடி வந்து நெஞ்சோடு மோதிச் சாய்க்கிறான், பின்மண்டை தரையில் அடிக்கிறது. மைக்கில் ‘அருமையான பிடி! அற்புதமான பிடி!’

பையன் எழவில்லை. உடனே ஊரிலுள்ள வைத்தியர்கள் அத்தனை பேரும் கோட்டுக்குள் இறங்குகிறார்கள். ஒருவர் சோடாவைக் குலுக்கி முகத்தில் பீய்ச்சுகிறார். ஒருவர் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைக்கிறார். கழுத்தெலும்பு என்று ஒன்று மனிதனுக்கு உண்டு என அவருக்கு யாரும் சொன்னதில்லை. மூன்றாமவர் தலையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிச் சுளுக்கு எடுக்கிறார். கை கால் வெட்டி இழுத்தால் சாவிக்கொத்து வந்துவிடும். பைக் சாவியா பீரோ சாவியா என்று மூளை பேதம் பார்ப்பதில்லை போலிருக்கிறது. கடைசியாக நரம்பியல் பரிசோதனை.

‘டேய், இது எத்தினி விரலு?’

‘ரெண்டு.’

‘அவ்ளோதான், ஒண்ணும் ஆவல. எந்திரிடா.’

கைதட்டல். ‘சிங்கம் எழுந்துவிட்டது’ என்கிறது மைக். சிங்கம் தள்ளாடி நின்று பக்கத்திலிருப்பவனிடம் ‘ஸ்கோர் எவ்ளோ?’ என்று கேட்கிறது. அவன் சொல்கிறான். ஒரு நிமிஷம் கழித்துச் சிங்கம் மறுபடியும் ‘ஸ்கோர் எவ்ளோ?’ என்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த ரெய்டுக்கு அவனையே அனுப்புகிறார்கள்.

சிரித்தார்களே, அந்த இரண்டாவது ‘ஸ்கோர் எவ்ளோ’தான் நோய். டாக்டர்கள் கன்கஷன் என்பார்கள், நம் ஊரில் உள்காயம் என்பார்கள். மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு குலுங்கு குலுங்குகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன, செல்களுக்கு உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியேயும் வெளியே இருக்க வேண்டியவை உள்ளேயும் போய்விடுகின்றன. அதைச் சரிக்கட்ட மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். அதே நேரம் பார்த்து அங்கே ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. ரத்தம் வராது, வீங்காது, பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்பாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் பட்டால் எரிச்சல், கேட்டதையே கேட்பது, காரணமில்லாமல் அழுகை, காரணமில்லாமல் கோபம். மூளை இப்படி இருக்கும்போது அதே தலையில் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளை சட்டென்று வீங்கி ஆளையே கொன்றுவிடும். அப்படிச் செத்தவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். அந்த ‘இன்னொரு அடி’க்குத்தான் சிங்கத்தைக் கைதட்டி அனுப்பியிருக்கிறோம்.

இதே மாவட்டத்தில் மாடாகப் பிறந்திருந்தால் நிலைமை வேறு. ஜல்லிக்கட்டுக் காளை வாடிவாசலுக்கு வரும் முன் கால்நடை மருத்துவர் அதைப் பரிசோதிக்க வேண்டும். காயம் இருக்கிறதா, சோர்வாக இருக்கிறதா, யாராவது சாராயம் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். மாடுபிடி வீரர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். 2017 முதல் சட்டமும் விதியும் இருக்கின்றன, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இவ்வளவு விதியும் இருந்தும் 2023 ஜனவரியில் தருமபுரியை ஒட்டிய தடங்கத்தில் ஜல்லிக்கட்டு பார்க்கப் போன 14 வயதுப் பையனை மாடு முட்டிக் கொன்றது. விதி இருக்கும் இடத்தின் லட்சணம் அது. ஒரு விதியும் இல்லாத கபடி மண்ணில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போட வேண்டாம், நடந்தே இருக்கிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமத்துப் போட்டியில், பாடப் போன 22 வயதுக் கல்லூரி மாணவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். அவருக்குப் பட்டது மார்பில், தலையில் அல்ல. அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது, கண் கலங்கியது, அடுத்தவருக்கு அனுப்பியது. அடுத்த வாரம் அடுத்த ஊரில் மின்னொளி எரிந்தது. பேனரில் அதே வரி.

பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே மாட்டார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். கொண்டுபோவார்கள், மேட்ச் முடிந்த பிறகு, மூன்று முறை வாந்தி எடுத்த பிறகு. பைக்கில், இருவருக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி வைத்து. யாருக்கும் ஹெல்மெட் இருக்காது. தலைக் கவசம் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் போடத் தெரிந்த அரசாங்கம் இது. நம் தலைகளுக்கு அரசு நிர்ணயித்திருக்கும் விலை என்று அதையாவது வைத்துக்கொள்ளலாம்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தலைக்காயம் பார்க்காத ஆஸ்பத்திரி அல்ல. தொப்பூர் கணவாய் இருக்கும்வரை அங்கே தலைக்காயத்துக்குப் பஞ்சமில்லை. லாரிக்கு அடியிலிருந்து எடுத்து வந்தவர்களை நாள்தோறும் பார்க்கும் அவசரப் பிரிவில், நடந்து வந்து ‘லேசா தலை வலிக்குது’ என்கிற பையன் எந்த வரிசையில் நிற்பான்? சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எடுக்க வேண்டியதுதான், ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இருந்தால் அதில் தெரியும். இல்லையென்றால் ‘நார்மல்’ என்று எழுதுவார்கள். கன்கஷன் மட்டும் இருந்தால் ஸ்கேன் நார்மலாகத்தான் வரும், அது படத்தில் விழுகிற நோய் அல்ல. அதைச் சொல்ல டாக்டருக்கு இரண்டு நிமிஷம் வேண்டும். வெளியே ஸ்ட்ரெச்சரில் அடுத்த லாரி கேஸ் கிடக்கிறது. ஆகவே குடும்பத்தின் காதில் விழுவது மூன்று வார்த்தை: ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல.

பையனின் தலைவிதி எழுதப்படுவது அந்த மூன்று வார்த்தையில். இனி அவன் எதைச் சொன்னாலும் அது நடிப்பு.

2021 டிசம்பரில் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். உயிர்களைக் காத்த திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. கன்கஷனுக்கு உலக மருத்துவம் சொல்வதும் இதே எண்தான்: முதல் 24–48 மணி நேரம் ஓய்வு, செல்போன் திரையை முடிந்தவரை குறைத்தல், கூட ஒருவர் கவனித்துக்கொண்டிருத்தல். எண் நம்மிடம் இருக்கிறது, பேனரும் பெயரும்கூட இருக்கிறது. பையன் பைக்கிலிருந்து விழாமல் கபடி மண்ணில் விழுந்துவிட்டான், அது ஒன்றுதான் பிசகு.

சரி, நமக்குக் கன்கஷன் என்றால் என்னவென்றே தெரியாதா? நன்றாகத் தெரியும். 2020 டிசம்பர் 4, கான்பெராவில் ஆஸ்திரேலியாவுடன் டி20. அன்றைக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் டிவி அணையவில்லை. நம் பக்கத்து மாவட்டம், சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதல் டி20 ஆடுகிறார். முதல் இன்னிங்ஸின் கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. கன்கஷன் என்று சொல்லி அவருக்குப் பதில் சாஹல் இறங்கினார், மூன்று விக்கெட் எடுத்தார், ஆட்ட நாயகனும் ஆனார். நடராஜனுக்கும் மூன்று விக்கெட். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லேங்கர் மேட்ச் ரெஃப்ரி டேவிட் பூனிடம் மைதானத்து ஓரத்திலேயே வாதாடினார். அதன்பிறகு ஒரு வாரம் டீக்கடைகளில் கன்கஷன் தவிர வேறு பேச்சில்லை. பேசியது எதைப் பற்றி? ஜடேஜா போய் சாஹல் வந்தது சரிக்குச் சரியா, விதியை நாம் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினோமா, ஆஸ்திரேலியாக்காரன் வயிறு எரிந்ததா. 2025 ஜனவரி 31, புனேயில் ஷிவம் துபேக்குப் பதிலாக ஹர்ஷித் ராணா வந்து மூன்று விக்கெட் எடுத்தபோதும் அதே பஞ்சாயத்து. ஒரு மூளைக் காயத்தை ஒரு நாடே விவாதித்தும் அந்த மூளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போக முடியும் என்று அந்த இரண்டு முறையும் நிரூபித்தோம்.

கற்றுக்கொள்ள விஷயம் இருந்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் சர்வதேச கிரிக்கெட்டில் கன்கஷனுக்கு மாற்று வீரர் விதி வந்தது. அந்த மாதமே லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. விழுந்தார், வெளியே போனார், சோதனை செய்தார்கள், தேறினார், அதே நாள் திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்தன. அவரை உட்கார வைத்து லபுஷேனை இறக்கினார்கள், அடுத்த டெஸ்டும் அவருக்கு இல்லை. உலகின் முதல்தர டாக்டர்கள் கூடவே இருந்து பார்த்த தலையே மறுநாள்தான் உண்மையைச் சொன்னது. நாம் விரல் காட்டி இரண்டு விநாடியில் தீர்ப்பு எழுதுகிறோம். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று அடிபட்ட கிரிக்கெட் வீரர் ரமண் லாம்பாவும் எழுந்து நடந்தே வெளியே போனவர்தான். மூன்றாம் நாள் இறந்தார்.

நம் பையன் சாகவில்லை. பெரும்பாலோர் சாவதில்லை. செத்தால் பேனராவது வைப்போம். பிழைத்தவனுக்கு அதுவும் கிடையாது, அவனுக்கு மறுநாள் காலை இருக்கிறது.

முதல் ராத்திரி அவனைத் தூங்கவே விடக் கூடாது என்று பாட்டி உத்தரவு. தூக்கம்தான் அந்த மூளைக்கு வேண்டிய மருந்து. டாக்டர் பார்த்து அபாயம் இல்லை என்ற பிறகு தாராளமாகத் தூங்கலாம், தலைவலி கூடிக்கொண்டே போகிறதா, திரும்பத் திரும்ப வாந்தி வருகிறதா, எழுப்பினால் எழுகிறானா, பேச்சு குழறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே விடிய விடிய எழுப்பி எழுப்பி ‘நான் யாருடா?’ என்று கேட்கிறார்கள். காலையில் பையன் எரிந்து விழுகிறான். ‘எல்லாம் அந்த செல்லுதான்’ என்கிறார் அப்பா. இரண்டு நாளில் அழுகிறான், கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்காருகிறான். கண்ணேறு, காத்துக் கருப்பு. மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். பூசாரி விபூதி ஊதி, கயிறு கட்டி, ‘மூணு நாளைக்கு வெளியில அனுப்பாதீங்க, சத்தம் போடாதீங்க’ என்கிறார். இந்தக் கதை முழுவதிலும் நிபுணர்கள் சொல்வதற்குப் பக்கத்தில் வந்த ஒரே ஆள் அந்தப் பூசாரிதான்.

பூசாரி சொன்னதைப் பள்ளிக்கூடம் கேட்குமா? ஜனவரி என்றால் திருப்புதல் தேர்வு, பிப்ரவரி என்றால் செய்முறைத் தேர்வு, மார்ச் என்றால் பொதுத்தேர்வு. பதின்வயதுக்காரர்களுக்கு இது ஆறப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை ஆகும், பெரியவர்களைவிட நாள் கூடும். நாலு வாரம்! ஸ்பெஷல் கிளாஸ் வைத்து ஞாயிற்றுக்கிழமையையே ஒழித்துவிட்ட ஒரு சமூகத்திடம் போய் நாலு வாரம் கேட்பதா? வகுப்பில் உட்கார்ந்தால் ட்யூப்லைட் கண்ணில் குத்துகிறது. கரும்பலகை எழுத்து மிதக்கிறது. ஒரே வரியை மூன்று முறை படித்தும் உள்ளே இறங்கவில்லை. ‘சார், தலை வலிக்குது.’

‘கபடி ஆட வலிக்கல, கணக்கு போட வலிக்குதா?’

வகுப்பே சிரிக்கிறது. போன முறை சிரித்தவர்கள் ஊர்க்காரர்கள், இந்த முறை நண்பர்கள்.

கை ஒடிந்திருந்தால் கதையே வேறு. மாவுக்கட்டுக்கு நம் கல்விமுறையில் இருக்கும் மரியாதை கலெக்டருக்குக்கூட இல்லை. பையைத் தூக்க ஆள் வரும், பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுத ஆள் வரும், கட்டின் மேல் வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போடும். ஆகவே அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கன்கஷன் என்று தெரிந்தால் வைத்தியத்துக்கு அவசியம் இல்லாவிட்டாலும் பையனின் மண்டையைச் சுற்றி ஒரு மாவுக்கட்டுப் போட்டு அனுப்புங்கள். தலைமையாசிரியர் நம்புவார்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் விஷயத்தில் ஊர் மிகவும் தாராளம். கபடி ஆடும் பெண்ணுக்குத் தலையில் அடிபட்டால் ஓய்வு உறுதி, அதுவும் நிரந்தர ஓய்வு. ‘பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்’ என்று ஜெர்சியை எடுத்துப் பரணில் போடுவார்கள். தலைவலி நிற்பதற்குள் ஜாதகத்தை எடுத்தாலும் எடுப்பார்கள். தருமபுரியில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சரியான வைத்தியம் ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. முதல் இரண்டு நாள் ஓய்வு. அதற்காக வாரக்கணக்கில் இருட்டறையில் பூட்டி வைப்பதும் தப்பு, அது ஆறுவதைத் தள்ளிப்போடும். பிறகு வீட்டு வேலை, நடை. தலைவலி ஏறினால் நிறுத்து, இறங்கினால் தொடங்கு. பள்ளிக்கு முதலில் அரை நாள், பரீட்சை பிறகு. படிப்புக்கு முழுதாகத் திரும்பின பிறகே ஆட்டம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த படி ஆறு. நம் மண்ணுக்குச் சொன்னால் இப்படி வரும்: நடை, லேசான ஓட்டம், எதிரில் ஆளில்லாமல் பாடிப் பழகுதல், தொடாமல் ஆடும் பயிற்சி, டாக்டர் பார்த்துச் சரி என்றபின் பிடியோடு பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். இதற்கு ஜிம் வேண்டாம், மெஷின் வேண்டாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு எல்லாரும் ஓட வேண்டாம். வேண்டியது, ‘இன்னும் நாள் இருக்குடா, உட்காரு’ என்று சொல்ல ஒரு பெரிய மனிதர்.

அந்தப் பெரிய மனிதர் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால். இருந்தாலும் அவர் காலை வழிபாட்டுக்கு வரிசை நிறுத்த வேண்டும், இலவச சைக்கிள் இறக்க வேண்டும், முடி வெட்டாதவனைப் பிடிக்க வேண்டும். அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருப்பது ஊரறிந்த வாராக்கடன். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே கேட்டுக்கொண்டார், அந்தப் பீரியடைப் பிடுங்காதீர்கள் என்று.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பள்ளி மாணவன் அமெரிக்கக் கால்பந்தில் தலையில் அடிபட்டு விழுந்தான். கொஞ்சம் உட்கார வைத்து, மறுபடி இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளையில் ரத்தக் கசிவு, மண்டை ஓட்டின் இரண்டு பக்கமும் திறந்து அறுவை சிகிச்சை. திரும்ப முதல் வார்த்தை பேச மாதங்கள் ஆயின. 2009 மே மாதம் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. சாரம் மூன்று வாக்கியம். ஆடும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இதைப் பற்றிச் சொல்லி ஆண்டுதோறும் கையெழுத்து வாங்கு. சந்தேகம் வந்தாலே வெளியே எடு. மருத்துவர் எழுதித் தராமல் உள்ளே விடாதே. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இப்படிச் சட்டம் போட்டுவிட்டன. 2013இல் கனடாவில் 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் ரக்பி ஆட்டத்தில், ஒரு வாரத்துக்குள் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்தாள். 2018இல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரில் சட்டம் போட்டது. அங்கேயும் ஒரு குழந்தை அடிபட்ட பிறகுதான் புத்தி வந்தது. நாம் குழந்தைகளைப் பறிகொடுப்பதில் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை, பிறகு செய்ய வேண்டியதில்தான் சுணக்கம்.

விளையாட்டுக்கு நம் அரசு செலவழிக்காமல் இல்லை. 2024 முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளுக்குப் பரிசுத் தொகை மட்டும் 37 கோடி ரூபாய். கொடுக்கட்டும், பிள்ளைகள் வாங்கட்டும், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் கிடைக்கட்டும். பென்னாகரத்து மண்ணில் பாடுகிற பையன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நிற்பதே அந்த ஒதுக்கீட்டுக்கு வேண்டிய சான்றிதழுக்காகத்தான். அது அவனுடைய முட்டாள்தனம் அல்ல, அவன் குடும்பத்தின் ஒரே முதலீடு. அதனால்தான் ‘உனக்கு வலிக்குதா’ என்று அவனைக் கேட்பதில் அர்த்தமே இல்லை. வலிக்கவில்லை என்றுதான் சொல்வான். முடிவெடுக்க வேண்டியவர் நடுவர், கோச், பி.டி. வாத்தியார், மைக் பிடித்தவர்.

கிரிக்கெட்டுக்காவது அடிபட்டவனுக்குப் பதில் இன்னொருவனை ஆட வைக்கப் புதிதாக விதி எழுத வேண்டியிருந்தது. சரிக்குச் சரியா என்று சண்டை போட வேண்டியிருந்தது. கபடியில் அந்தக் கஷ்டம்கூட இல்லை. அணிக்குப் பன்னிரண்டு பேர், கோட்டுக்குள் ஏழு பேர், ஆளை மாற்றிக்கொள்ள விதி ஏற்கெனவே அனுமதிக்கிறது. வெளியே ஐந்து பையன்கள் ஜெர்சி போட்டு, கால் உதறி, எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவனைக் கூப்பிட எந்தத் துறை எந்த அரசாணை போட வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள், கமிட்டியாரே?